குழி குடித்த தண்ணீர்

இந்த மலையில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் பெண்கள் சற்று நிற்கிறார்கள். ஜமுனாமரத்தூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண் காலையில் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வருவாள். வந்ததும் வீசிவிட மாட்டாள். சரிவைப் பார்ப்பாள். கோழி ஏதாவது நிற்கிறதா என்று பார்க்கிறாள் போலும் எனப் புதிதாக வருபவர் நினைப்பார். கோழியே இல்லாத வீட்டிலும் நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: ஏறக்குறைய நாலு மூச்சு. அதற்குப் பிறகுதான் சட்டி கவிழ்கிறது. இப்போது நானும் நிற்கிறேன். எப்படி நிற்கக் கற்றுக்கொண்டேன் என்பதை, இலங்கையில் பதுளைப் பக்கம் இன்னும் தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து கண்ட ஊர்களில் கிடக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

நம் தோட்டத்தில் யாரும் நின்றதில்லை. வாசலை ஒட்டிக் கழிவுநீர்க் கான் ஓடும்; சட்டியைக் கவிழ்த்தால் அத்தோடு முடிந்தது, மீதியைக் கான் பார்த்துக்கொள்ளும். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையாவின் பின்னால் நோட்டுப் புத்தகத்துடன் நடந்தவன். சனிக்கிழமைதோறும் எந்தக் கான் அடைத்திருக்கிறது, எதற்குச் சுண்ணாம்பு போட்டாயிற்று என்று எழுதுவது என் வேலை. பிறந்தது கீழ் லயம். மேலே இருந்த மூன்று லயங்களின் கழிவும் எங்கள் வாசல் வழியாகத்தான் இறங்கும். அவர்கள் நெத்தலிக் கருவாடு கழுவினால் எங்களுக்குத் தெரியும். குழந்தை பிறந்தால் தெரியும். யார் வீட்டில் இரண்டு நாளாக உலை வைக்கவில்லை என்பதும் தெரியும். அந்த வீட்டுத் தண்ணீர் தெளிவாக வரும். மேலே இருப்பவர்களுக்கு எங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடும்.

பிறகு தாள்கள் வந்தன. தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை, எனக்கு இந்தியக் கடவுச்சீட்டு. ஒரே தாய், பிறந்தது ஒரே காம்பரா அறை, இரண்டு மனு. என் மனைவி அதற்கு முன்பே தேயிலைக்கு அடியில் போய்விட்டாள். தலைமன்னாரில் கப்பலேற நான் புறப்பட்ட அன்று தம்பி ஆறு கட்டி சவர்க்காரம் வாங்கித் தந்தான். சிங்களத்தில் பெங்கிரி என்பார்களே, அந்தப் புல்லெண்ணெய் மணக்கும் பச்சைச் சவர்க்காரம். நம் காம்பராத் தரையைக் கழுவும் எண்ணெயும் அதே மணம்தான். மண்டபம் முகாமில் இரண்டு கட்டி தீர்ந்தது. வேலைக்காகக் காத்திருந்த ஒன்றரை ஆண்டில் இன்னும் இரண்டு. மீதி இரண்டோடுதான் இந்த மலைக்கு ஏறினேன்.

மலைக்குள் ஒரு சாலைக்கு அளவெடுக்க வந்த முகாமில் எனக்குத் தற்காலிக ஸ்டோர் கீப்பர் வேலை. ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ். அங்கிருந்து ஒரு பகல் முழுக்க நடை. ஓடைக்கரையில் ஏழு கூடாரம், பதினாறு பேர். முகாமின் சுத்தம் என் பொறுப்பு என்று ஓவர்சியர் சொன்னதும் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தெரிந்த வேலை. தகரப் பலகை ஒன்றில் விதிகளை எழுதித் தொங்கவிட்டேன். ஓடையில் பாத்திரம் கழுவக்கூடாது. ஓடையில் சவர்க்காரம் போடக்கூடாது. தட்டை முதலில் இலையால் துடைக்க வேண்டும். கழுவிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குழியில் மட்டும் ஊற்ற வேண்டும். சமையல்காரர் மணி கணியம்பாடிக்காரர். பலகையை நிதானமாகப் படித்தார்.

“சவர்க்காரம்னா இன்னா சார்? எதுனா மருந்தா?”

சோப்பு என்றேன்.

“சோப்புன்னு எழுதினா இன்னா கெட்டுப் பூடுது. நம்மாளுங்க கஷாயம்னு குடிச்சிடப் போறானுங்க.”

குழியை ஓடையிலிருந்து நாற்பது தப்படி தள்ளி, மூன்றடிக்கு மூன்றடி, நாலடி ஆழத்தில் வெட்டச் சொன்னேன். அடியில் பாறை தட்டியது. அதன்மேல் பெருங்கல், சிறுகல், கரி, மணல் என்று நானே அடுக்கினேன். தோட்டத்தில் இப்படி எத்தனையோ குழி வெட்டியிருக்கிறேன். எல்லாம் இரண்டு நாளில் நிரம்பிக் குளமாக நிற்கும். இந்தக் குழியில் முதல் வாளியை ஊற்றியபோது தண்ணீர் நிற்கவே இல்லை. உள்ளே போனதும், யாரோ விழுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. மணி தலையைச் சாய்த்துக் கேட்டார். “ரொம்ப தாகத்துல கீது போல சார்,” என்றார். குளித்தது, துவைத்தது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நாற்பது வாளி ஊற்றினோம். மறுநாள் காலையில் குழி ஈரம்கூட இல்லாமல் இருந்தது. அன்றைய குறிப்பில் நான் எழுதியது இதுதான்: ‘குழி நன்றாக உறிஞ்சுகிறது.’ என் வாழ்க்கையில் இத்தனை திருப்தியோடு எழுதிய வரிகள் குறைவு.

எங்களுக்குக் கிழக்கே ஒரு பெரிய மலைமுகடு. அதைத் தாண்டி ஒன்றேகால் மணி நேரம் நடந்தால் ஏழு வீட்டுச் சிற்றூர் ஒன்று. அங்கிருந்து சின்னப்பொண்ணு என்கிற பெண் சாமை, புளி, தேன் கொண்டுவந்து விற்பாள். முப்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டாள். முகாமின் ஒன்பதாம் நாள் காலை சாமையை அளந்து போட்டுக்கொண்டே மணியிடம் கேட்டாள்.

“நேத்து சாயங்காலம் கருவாடுங்களா?”

“ஆமா. உனுக்கு எப்பிடித் தெரியும்? மூக்கா அது, ரேடியோவா?”

அவள் சிரிக்கவில்லை. நான் காற்றின் திசையைத் தினம் இரண்டு வேளை குறிப்பவன். முந்தின நாள் காற்று கிழக்கிலிருந்து, அதாவது அவர்கள் ஊரிலிருந்து எங்கள் பக்கம்தான் அடித்தது. பன்னிரண்டாம் நாள், நேற்று வெந்தயம் அரைத்தீர்களா என்று கேட்டாள். அரைத்திருந்தோம். மணி அதற்குப் பிறகு அவளிடம் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் வரும்போது பானைகளை மூடி வைத்தார்.

பதினைந்தாம் நாள் அவள் மணியிடம் போகாமல் நேரே என் கூடாரத்துக்கு வந்தாள். நான் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நாலு தப்படி தள்ளி நின்று மூக்கை உறிஞ்சினாள். முகம் வெளுத்துப்போனது.

“சாமி, நீங்க எங்க ஊத்தாண்ட வந்தீங்களா?”

இல்லை, உங்கள் ஊர்ப் பக்கமே நான் வந்ததில்லை என்றேன்.

“வர்லங்க. அது தெரியும். சுத்தி சாம்பல் தூவி வெச்சோம், காலடி ஒண்ணுகூட இல்ல. ஆனா உங்க வாசன அங்க கீது.”

விசாரித்தபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஏழு வீட்டுக்கும் குடிக்க ஒரே ஊற்றுதான். பாறை அடியில் மணலிலிருந்து சுரப்பது, கோடையிலும் வற்றாது. அதில் கன்னிமார் இருக்கிறார்கள். சில நாட்களாக விடியற்காலையில் தண்ணீர் மொள்ளப் போனால் யாரோ அங்கே சாப்பிட்டுக் கை கழுவியது போல வாசனை. பிறகு யாரோ குளித்தது போல, அவர்கள் யாருமே அறியாத ஒரு வாசனை. அதைத்தான் இப்போது என் மேல் பிடித்திருக்கிறாள். ஊரில், காலில்லாத ஒருவன் வந்து போகிறான் என்று பேசிக்கொள்கிறார்கள். சொல்லி முடித்ததும் என் பாதங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று நான் செய்ததை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. என் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். முகடு செம்மண், முகாம் கருமண். செம்மண் ஒட்டவில்லை. மறுநாளும் பார்த்தேன். நாடு மாறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: உடம்பு ஓரிடத்தில் இருக்க, நாம் இன்னோரிடத்தில் இருப்பதாக மற்றவர்கள் உறுதியாகச் சொன்னால், மறுக்க நமக்கு வாய் எழும்புவதில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் கப்பலில் ஏறிய நாளிலிருந்து உண்டு.

பத்தொன்பதாம் நாள் மேலதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல். வேட்டி, சட்டை, மேசை விரிப்பு எல்லாவற்றையும் வெளுத்துச் சொட்டு நீலம் போட்டு அலசினேன். மூன்று வாளி நீலத் தண்ணீரை விதிப்படி வடிகட்டிக் குழியில் ஊற்றினேன். குழி விழுங்கியது. அதிகாரி வந்தார், பலகையைப் படித்தார், குழியைப் பார்த்தார், என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நிரந்தரம் ஆக்கும்போது கவனிக்கிறேன் என்றார்.

அடுத்த இரண்டு நாள் சின்னப்பொண்ணு வரவில்லை. மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்தாள். இனிமேல் சாமைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மணியிடம் சொல்லத்தான் வந்தாளாம். ஊற்றில் தண்ணீர் நீலமாக வந்துவிட்டது. செத்தவன் நகம் போல நீலம் என்றாள். கன்னிமார் போய்விட்டார்கள், அவர்கள் போன இடத்தில் மனிதர் இருக்கக்கூடாது என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். நாலு நாளில் ஏழு வீடும் கிளம்புகிறது. அமிர்திப் பக்கம் கீழே இறங்கினால் சொந்தக்காரர்கள் இடம் தருவார்கள். நிலம்? “நெலத்த எடுத்தாறவா முடியும்?” என்றாள்.

கூடாரத்துக்குள் போய் சொட்டு நீலப் புட்டியை எடுத்துப் பார்த்தேன். வெளியே வந்து குழியின் மணலை மண்வெட்டியால் விலக்கப் போனேன். விலக்க மணலே இல்லை. கரியும் இல்லை. நான் அளந்து போட்ட அடுக்குகளைக் குழி எப்போதோ விழுங்கியிருந்தது. பெருங்கல்லைப் புரட்டினேன். அடிப்பாறையில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளவு. அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். வெயில் நேரத்தில், குளிர்ந்த காற்று சீராக வந்து கையில் பட்டது. மலை மூச்சு விடுவது போல இருந்தது. ஓடையிலிருந்து நாற்பது தப்படி அளந்தவன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் கானில் மட்டுமே தண்ணீர் ஓடும் என்று நம்பிய ஊரிலிருந்து வந்தவன் செய்யக்கூடிய பிழை. கீழ் லயத்தில் பிறந்த நான், எனக்கே தெரியாமல், மேல் லயத்துக்காரன் ஆகியிருந்தேன்.

ஓவர்சியரிடம் சொன்னேன். முகாமைப் பெயர்த்து, பாறை இல்லாத மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த ஊராரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் வேலூர்க்காரர், கெட்டவரில்லை, ஆனால் வேலை முடியும் தேதி ஒன்றுதான் அவர் கண்ணில் இருந்தது.

“யோவ் சிலோன், வாய மூடிக்கினு வேலையப் பாரு. கேம்ப்ப எடுத்தா ஒரு மாசம் பூடும். ஏழு வூட்டு ஜனம்யா. இங்க இல்லன்னா அங்க ஒரு வூடு கட்டிக்கும். நீ கடலத் தாண்டி வந்தியே, செத்தா பூட்ட?”

அவர் முன்னால் நான் உயிரோடுதானே நின்றேன்.

மறுநாள் விடியும்போது முகடு ஏறினேன். ஊரில் இரண்டு வீட்டுக் கூரையின் புல்லை ஏற்கெனவே பிரித்திருந்தார்கள். ஒரு வாசலில், தரையில் பதித்திருந்த உரலைத் தோண்டி எடுத்து உருட்டி வைத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். நான் காம்பராவை விட்டுக் கிளம்பிய அன்று அம்மி இருந்த இடம் அப்படித்தான் இருந்தது. ஒரு முழு வாழ்நாள் அழுத்திய தடம். அதைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஊர்க்கவுண்டர் என்னைவிட இளையவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் சட்டையில் வீசிய பச்சைச் சவர்க்காரத்தின் வாசனைக்கு ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“உங்க குழி அந்தாண்ட கீது. நடுவுல இம்மாம் பெரிய மலை கீது. தண்ணி ஏறி எறங்குமாங்க?” என்றார் கவுண்டர்.

ஏறாது, உள்ளே போகிறது என்றேன். அவர் நம்பவில்லை. ஒருவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படியும் சொல்வான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்படியானால் சோதித்துப் பாருங்கள், முகாமில் ஒரு நிறத்தைக் கரைத்து ஊற்றச் சொல்கிறேன் என்றேன். கவுண்டர் யோசித்தார். “மஞ்சள்னா ஊத்துங்க. அது கன்னிமாருக்கு ஆவும். நாளைக்கி அது வர்லன்னா, நாங்க கெளம்பறோம்.”

மணி ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓவர்சியருக்குத் தெரிந்தால் அவர் வேலையும் போகும். அவர் என் கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, “ஏழு மணிக்கு ஊத்தணும், அவ்ளோதானே? மூஞ்சிய அப்பிடி வெச்சிக்காதீங்க சார்,” என்றார். ஒரு படி மஞ்சள் தூளை இரண்டு வாளியில் கரைத்து வைத்துவிட்டு, இருட்டு விலகுமுன் நான் மறுபடி முகடு ஏறினேன்.

ஊற்றைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அருகே யாரும் போகவில்லை. நீலம் அதற்குள் வெளிறி, தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. அடி மணல் மட்டும் சின்னதாக எழும்பி எழும்பி அடங்கியது. வெயில் பாறையின் மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கியது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லாதது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கட்டத்தில், மஞ்சள் வரக்கூடாதே என்று நான் நினைப்பதை நானே கண்டுபிடித்தேன். வந்தால் நான் குற்றவாளி. வராவிட்டால், காலில்லாமல் இங்கே வந்து போனது யார்?

வெயில் பாறையின் அடியைத் தொட்ட நேரத்தில், மணலிலிருந்து ஒரு நூல் எழுந்தது. மஞ்சள் நூல். மெல்ல மேலே வந்து, விரிந்து, தண்ணீருக்குள் ஒரு முந்தானை போல ஆடியது. ஒரு பெண் தலைக்கு முக்காடு இழுத்துக் கும்பிட்டாள். கவுண்டர் ஊற்றைப் பார்க்கவில்லை. திரும்பி முகட்டைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பவர் போல, நெடுநேரம்.

“அப்ப கன்னிமாரு போவல,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வந்தது நீங்கதான்.”

“கால் இல்லாம வந்துட்டீங்க சாமி,” என்றாள் சின்னப்பொண்ணு. யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சிரித்தாள், அதன்பின் மற்றவர்களும்.

உரல் அன்று மாலையே பழைய பள்ளத்துக்குள் போனது. பிளவைக் கல்லும் களிமண்ணும் வைத்து நானும் மணியும் கவுண்டரின் ஆட்களும் அடைத்தோம். ஊற்றை ஐந்து நாள் இறைத்தோம். இறைத்த தண்ணீரை எங்கே கொட்டுவது என்பதற்கு, ஒவ்வொரு குடத்துக்கும் அவர்கள் நின்று, சரிவைப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். அங்கேதான் அந்த நாலு மூச்சை முதலில் பார்த்தேன். ஆறாம் நாள் சுரந்ததில் முதல் கைத் தண்ணீரை நான் குடிக்க வேண்டும் என்றார்கள். அழுக்காக்கியவன்தான் முதலில் குடிக்க வேண்டுமாம். தண்டனையா என்று கேட்டேன். இல்லை, தண்ணீருக்கு முகம் தெரிய வேண்டாமா என்றார் கவுண்டர். குடித்தேன். மண் வாசனைக்கு அடியில், மிக லேசாக, தம்பி வாங்கித் தந்த சவர்க்காரம் மணத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

குழியை அடைத்து முகாம் ஒழுங்கை மீறியதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். பலகையில் அந்த ஒழுங்கை எழுதியவன் நான். மணி தப்பித்தார். நான் கீழே இறங்கவில்லை. ஜமுனாமரத்தூரில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். கடைசிக் கட்டி தீர்ந்து நாலு ஆண்டாகிறது.

கடந்த மார்கழியில் ஒரு காலை, கிணற்றிலிருந்து கொண்டுவந்த குடத்தை இறக்கி மூடியைத் திறந்தேன். பெங்கிரி மணம். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். “இன்னா வாசனங்க இது, நல்லா கீதே,” என்றாள். அவள் வீட்டுக் குடத்தில் இல்லை. ஒரு செம்பு மட்டும் எடுத்து மூடி வைத்தேன். தேதியும் நேரமும் எழுதினேன். காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தம்பியின் கடிதம். இத்தனை ஆண்டு பூட்டிக் கிடந்த என் காம்பராவைத் தோட்டத்தில் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். கொடுப்பதற்கு முன் தம்பியும் அவன் மனைவியும் தரையைப் பெங்கிரி எண்ணெய் ஊற்றி இரண்டு வாளித் தண்ணீரில் கழுவி, வாசல் கானில் தள்ளினார்களாம். அண்ணன் இருந்த தடம் ஒன்றுமில்லாமல் கொடுத்தோம் என்று எழுதியிருந்தான். கழுவிய தேதியும் போட்டிருந்தான். நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் கழுவியதற்கும் என் குடம் மணத்ததற்கும் மூன்று நாள்தான் வித்தியாசம். இடையில் ஒரு கடல்.

செம்பைத் திறந்தேன். மணம் அப்படியே இருந்தது. முதல் கைத் தண்ணீரைக் குடித்தேன். மீதியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சரிவைப் பார்த்தேன். கிழக்கே ஊற்றினால் யார் வீட்டில் எழும், மேற்கே ஊற்றினால் யார் வீட்டில் எழும் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் சட்டியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் செம்போடு நிற்கிறேன். நாலு மூச்சு எப்போதோ ஆகிவிட்டது.